இணைப்பு அறுந்தாலும் பதிவு இரட்டிக்கக் கூடாது

கேள்வி: எங்கள் ஆண்ட்ராய்டு செயலி, பயனர் நிரப்பும் படிவங்களைப் பின்னணியில் சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்பும் முன் இணைய இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறோம். ஆனாலும் சில படிவங்கள் போய்ச் சேருவதில்லை. சில இரண்டு முறை பதிவாகின்றன. இதற்கு என்ன வழி?

பதில்: முன்சோதனையை நம்பி இருக்காதீர்கள். சோதித்த நொடியில் இருந்த இணைப்பு அடுத்த நொடியில் அறுந்துபோகலாம். வைஃபை இணைந்திருந்தும் அதற்கு அப்பால் இணையம் இல்லாமல் இருப்பதும் உண்டு. படிவத்தை முதலில் கைபேசியின் தரவுத்தளத்தில் எழுதி வையுங்கள்; சர்வர் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகே அதை அனுப்பியாயிற்று என்று குறியுங்கள்.

அனுப்பும் பணியை, ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை நடத்தும் கருவியான ஒர்க்மேனேஜரிடம் (WorkManager) ஒப்படைத்து, இணைப்பு வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தால், இணைப்பு வரும் வரை அது காத்திருக்கும். நடுவில் இணைப்பு போனால் பணியை நிறுத்திவிட்டு, மீண்டும் வந்ததும் முதலிலிருந்து ஓட்டும். நெட்வொர்க் பிழையைத் தோல்வி என்று முடித்துவிடாமல் மறுமுயற்சி கோருங்கள். அப்போது, வேறு அமைப்பு எதுவும் தராவிட்டால், 30 விநாடியில் தொடங்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டித்து 5 மணி நேரம் வரை நீளும். படிவமே தவறு என்று சர்வர் மறுத்தால் மட்டும் மீண்டும் அனுப்பாமல் பயனருக்குத் தெரிவியுங்கள்.

இரட்டைப் பதிவுதான் இதில் கடினமான பகுதி. படிவம் சர்வரில் பதிவாகி, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால், அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைச் செயலியால் அறியவே முடியாது. ஆகவே மறுபடி அனுப்பியே ஆக வேண்டும், அதைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பு சர்வருடையது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்த அடையாள எண்ணை, அனுப்பும்போது அல்ல, சேமிக்கும்போதே உருவாக்குங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் புது எண் பிறந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை. சர்வரின் அட்டவணையில் அந்த எண் ஒரு முறைக்கு மேல் நுழைய முடியாதபடி கட்டுப்பாடு வைத்து, மறுமுறை வந்தால் பிழை காட்டாமல் முதலில் தந்த பதிலையே திருப்பித் தரச் செய்யுங்கள்.

கேள்வி: ஐஓஎஸ் செயலிக்கும் இதுவே பொருந்துமா?

பதில்: அடையாள எண் அங்கும் கட்டாயம் வேண்டும். ஐஓஎஸில் இணையப் பரிமாற்றங்களைக் கையாளும் யூஆர்எல்செஷனின் (URLSession) பின்னணி வகையைப் பயன்படுத்தினால், செயலி ஓடாதபோதும் இயங்குதளமே இணைப்புக்குக் காத்திருந்து கோப்பை அனுப்பும். இதற்கான இயல்பான கெடு 7 நாள். ஆனால் பயனர் செயலியைத் தாமே வலிந்து மூடிவிட்டால் அந்த அனுப்புதல்கள் ரத்தாகிவிடும் என்பதால், செயலி மறுபடி திறக்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் நிலுவையில் உள்ள படிவங்களைத் தேடி மீண்டும் வரிசையில் சேர்க்க வேண்டும்.