காயத்தைப் பார்த்தே எப்படிச் சுட்டது என்று சொல்ல முடியுமா? பெரியவர்களுக்குத் தீக்காயம் பெரும்பாலும் எதனால் வருகிறது?

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ பட்டிருக்கிறது, எப்படிப் பட்டது என்பதில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது என்று தோன்றுகிறது. காயத்தின் வடிவத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். தீர்ப்பு சொல்ல முடியாது. அது போலீஸும் தடயவியல் டாக்டரும் பார்க்க வேண்டியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம்.

கல்யாணச் சமையலில் அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது பிடிதுணி வழுக்கினால், கஞ்சி முதலில் விழுவது தொடையிலோ முழங்காலிலோ. ஆழம் அங்கேதான் அதிகம். வழிய வழிய ஆறிவிடுவதால் கீழே போகப் போகக் காயம் குறுகி, லேசாகும். அப்படியில்லாமல் கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு விழுந்திருந்தால் மேலே கொட்டவில்லை, கால் உள்ளே இறங்கியிருக்கிறது. 60 டிகிரி வெந்நீர் 5 விநாடியில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 70 டிகிரிக்கு ஒரு விநாடி போதும். கஞ்சி இதைவிட மோசம், ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது.

சிலிண்டர் கேஸ் வேறு ரகம். அது காற்றைவிடக் கனம். ஜன்னல் வழியாகப் போகாமல் தரையோடு பரவி நிற்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே பற்றும். வாடை வந்ததும் "லைட்டைப் போட்டுப் பார்ப்போம்" என்று ஸ்விட்சைத் தட்டுவதுதான் வழக்கமான தவறு. குப்பென்று பற்றி ஒரு நொடியில் அடங்கினால் முகம், முன்கை, புறங்கை வேகும். துணி மூடிய இடம் தப்பும். கண்ணை இறுக மூடியதால் கண்ணோரச் சுருக்கங்களுக்குள் வெள்ளைக் கோடுகள் வேகாமல் நிற்கும். மூக்குமுடி கருகி, குரல் கம்மியிருந்தால் ஆள் நன்றாகப் பேசினாலும் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். சேலையில் பிடித்த தீ கீழிருந்து மேலே ஏறும். நைலான், பாலியஸ்டர் என்றால் உருகித் தோலில் ஒட்டும். ஒட்டியதை உரிக்காதீர்கள், சுற்றியுள்ள துணியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று உமிச் சாம்பல். ரைஸ்மில் கொல்லையில் கொட்டிய குவியல் மேலே சாம்பல் நிறத்தில் ஆறிக் கிடக்கும், உள்ளே கனல் நாள் கணக்கில் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் கணுக்கால்வரை இறங்கும். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. காலை எடுக்கத் தாமதமாகும், அதனால் காயம் எலும்புவரை போகலாம். வலிப்பு வந்து அடுப்பில் விழுபவர்களுக்கும் இதே கதி. தொட்ட நேரம் நீள நீள ஆழம் கூடும்.

மின்சாரத்தில் கண்ணை நம்பாதீர்கள். அலுமினியக் கம்பால் தேங்காய் பறிக்கும்போது லைனில் பட்டால் உள்ளங்கையில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி, பாதத்தில் இன்னொன்று. இடையிலுள்ள தசை வெந்திருக்கும். மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போனால் கிட்னிக்கு ஆபத்து. 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். இருந்தும் எங்கள் ஊர்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோட்டைப் போடுகிறார்கள். ரோடு ஏற ஏறக் கம்பி தாழ்கிறது.

பட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம். உடம்பில் பெரிய பரப்பு வெந்திருந்தால் ஆள் குளிர்ந்துபோகாமல் மற்ற இடத்தைப் போர்த்துங்கள். வீங்கும் முன் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் கூடாது. பாட்டி வைத்தியத்தைப் பழிக்கவில்லை, டாக்டர் ஆழம் பார்க்க அதையெல்லாம் சுரண்ட வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் வாழையிலையால் கட்டுகிறார்களே என்பீர்கள். அது கிருமி நீக்கிய இலை, கொல்லையில் அறுத்தது இல்லை.

அடிபட்டவரின் விரல் சேர்த்த உள்ளங்கை உடம்பில் சுமார் 1 சதவீதம். சிவந்ததை விட்டுக் கொப்புளம் வந்த இடத்தை மட்டும் அளந்து 15 சதவீதத்தைத் தாண்டினால் டிரிப் ஏற்றியாக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். டிரிப் எவ்வளவு ஏற்றுவது என்ற கணக்கு, காயம் பட்ட நேரத்திலிருந்து ஓடும், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. அதனால் எத்தனை மணிக்கு, எதனால், எவ்வளவு நேரம், அறை மூடியிருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.