நாம் கேட்பது அவர் சொன்னதையா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒருவர் பேசும்போது அடுத்து வரப்போகும் சொல்லை மூளை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது என்று சமீபத்தில் ஒரு கட்டுரையில் படித்தேன். அதிலிருந்து மனசு உறுத்துகிறது. என் கணவர் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே நான் முடித்துவைப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில நேரம், "நான் சொல்ல வந்தது அது இல்லை" என்று கோபப்படுவார். அப்படியானால் இத்தனை நாளும் நான் கேட்டது அவர் சொன்னதையா, நானாக நினைத்துக்கொண்டதையா? இன்னொரு கேள்வியும் உண்டு. செயற்கை நுண்ணறிவும் அடுத்த சொல்லைக் கணித்துத்தான் எழுதுகிறதாம். நாம் செய்வதும் அதேதான் என்றால், புரிந்துகொள்வது என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

அன்புடன்,
மீனா

அன்புள்ள மீனா,

ஊகிப்பதில் தப்பே இல்லை. கேட்பது என்பதே பாதி அப்படித்தான் நடக்கிறது. உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியைப் 10 மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாகச் சுமார் 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். எதிரில் இருப்பவர் முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு யோசித்துப் பேசினால் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கே போய் முடிப்பார் என்று கணித்து, நம் பதிலையும் தயார்செய்துவிடுகிறோம்.

கண்ணின் அசைவை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் ஜெரி ஆல்ட்மனும் யூகி கமிடேயும் செய்த சோதனையில், ஒரு சிறுவன், ஒரு கேக், சில பொம்மைகள் உள்ள படம். 'சிறுவன் சாப்பிடப்போகிறான்' என்ற பொருள்படும் ஆங்கில வினைச்சொல் காதில் விழுந்ததுமே, 'கேக்' என்ற சொல் வருவதற்கு முன்பாகப் பார்வை கேக்குக்குப் போய்விட்டது. 'நகர்த்தப்போகிறான்' என்றபோது அப்படிப் போகவில்லை. வினை கடைசியில் வரும் ஜப்பானிய மொழியிலும் இதே குழு பின்னர் சோதித்தது. 'இன்னாருக்கு' என்ற உருபைக் கேட்டதுமே, கொடுக்கக்கூடிய பொருளை நோக்கிக் கண் திரும்பியது. தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது.

ஆனால் நீங்கள் படித்த கட்டுரை சொல்வதைப்போல, மூளை ஒவ்வொரு முறையும் அடுத்த சொல்லை அச்சு அசலாகக் கண்டுபிடித்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் காட்டுவதாக 2005-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 2018-ல் ஒன்பது ஆய்வகங்கள் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அதன் முக்கியமான முடிவு கிடைக்கவில்லை. பொருளின் திசை முன்பே தெரிந்துவிடுகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. சொல்லின் ஒலி வடிவம்வரை தெரிகிறதா என்பதில்தான் சண்டை. எனக்கு இந்தத் துறை மீது மரியாதை வந்ததே, இப்படித் திரும்பச் செய்து பார்த்துத் தங்களையே திருத்திக்கொள்வதால்தான்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். சிக்கல் முன்னே ஓடுவதில் இல்லை. ஓடியது தப்பான பாதை என்று தெரிந்த பிறகு முழுதாகத் திரும்பி வருகிறோமா என்பதில் இருக்கிறது. "ராமு கதவைத் திறந்த" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாருங்கள். கதவைத் திறந்தது ராமு என்று மனம் முடிவு கட்டிவிடும். அடுத்து "நேரத்தில்" என்று வந்தால் அந்த முடிவு சரி. "பெண்ணுக்கு வணக்கம் சொன்னான்" என்று வந்தால்? திறந்தது அந்தப் பெண். ராமு வணக்கம் மட்டும்தான் சொன்னான். ஒரு கணம் தடுக்கி, பின்னால் போய், எல்லாவற்றையும் மறுபடி அடுக்குகிறோம்.

அடுக்கிவிட்டோம் என்று நினைக்கிறோம். 2001-ல் கியல் கிறிஸ்டியன்சனும் ஃபெர்னாண்டா ஃபெரேராவும் மற்ற இருவரும் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவன் வேட்டையாடிக்கொண்டிருந்தான், மான் காட்டுக்குள் ஓடியது, இவ்வளவுதான் வாக்கியத்தின் பொருள். ஆனால் காற்புள்ளி இல்லாத அந்த ஆங்கில வாக்கியத்தை முதலில் படிக்கும்போது 'அவன் மானை வேட்டையாடினான்' என்று தோன்றும். கடைசிவரை படித்தால் அந்த வாசிப்பு நிற்காது. இருந்தும், "அவன் மானை வேட்டையாடினானா?" என்று கேட்டபோது, நிறைய பேர் ஆமாம் என்றார்கள். மான் காட்டுக்குள் ஓடியதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய பொருள் உள்ளே வந்த பிறகும் பழையது வெளியே போகவில்லை.

"அது இல்லை" என்று அவர் சொல்லும் இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் வாக்கியத்தை முடித்துவைத்ததால் மட்டும் அவருக்குக் கோபம் வந்திருக்காது. அவர் திருத்திச் சொன்ன பிறகும் உங்கள் பதில் முதலில் நினைத்ததற்கே போயிருக்கலாம். அடுத்த முறை அவர் திருத்தியதும், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம் பதில் சொல்லிப் பாருங்கள். நெருங்கியவர்களிடம் இது இன்னும் அவசியம். அவர்களைப் பற்றிய நம் ஊகம் பலமுறை பலித்திருப்பதால், பலிக்காத அந்த ஒரு முறை நம் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்தது இயந்திரம். நீங்கள் சொன்ன, அடுத்த சொல்லைக் கணித்து எழுதும் செயற்கை நுண்ணறிவை மொழி மாதிரி என்பார்கள். இந்த மொழி மாதிரிகளின் கணிப்பும் மூளையின் மொழிப் பகுதிகளில் தெரியும் செயல்பாடும் ஓரளவு ஒத்துப்போகின்றன என்று 2021 முதல் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2012-ல் இந்தியாவில் இந்தி பேசுபவர்களிடம் நடந்த ஒரு சோதனையைப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்களின் கண்கள் சொல் வரும் முன்பே அது குறிக்கும் பொருளின் படத்துக்குப் போயின. எழுத்தறிவு குறைந்தவர்களின் கண்கள் சொல் வந்த பிறகுதான் போயின, ஆனால் சரியான படத்துக்கே போயின. முன்னே ஓடவில்லை, அவ்வளவுதான். சொன்னது அவர்களுக்கும் புரிந்தது. அப்படியானால் ஊகம் புரிதலை வேகப்படுத்துகிறது, அதுவே புரிதல் ஆகிவிடாது. பக்கவாதத்தில் வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் திறனை இழந்தவர்களில் சிலர், கணக்குகளை முன்போலவே போடுகிறார்கள். மூளையில் மொழிக்கென்று இருக்கும் பகுதிகளும் சிந்தனைக்கு உதவும் பகுதிகளும் பெரிதும் வேறுவேறு என்று மூளை ஆய்வாளர் எவெலினா ஃபெடரென்கோ போன்றவர்கள் வாதிடுவதற்கு இதுவும் ஓர் ஆதாரம். கணவர் ஏன் இன்றைக்கு இதைச் சொல்கிறார், நேற்று நடந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசிக்கிறீர்களே, அந்த வேலையின் பெரும்பகுதி மொழிப் பகுதிக்கு வெளியே நடக்கிறது.

அன்புடன்.