தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போறேன், ஆனா ஆபிஸ்ல 9 மணி நேரம் உட்கார்ந்தே வேலை. இது போதுமா?

போற வாக்கிங்க விட்டுடாதீங்க, அது வீண் இல்ல. ஆனா போதுமான்னு கேட்டா போதாதுன்னுதான் சொல்லுவேன், ரெண்டு விஷயம் விட்டுப்போகுது, அதுல ஒண்ண பத்தி யாருமே பேசுறதில்ல. நான் பிசியோதெரபிஸ்ட், திருச்சில ஒரு கிளினிக்ல வேலை பாக்குறேன், இதே கேள்விய ஏதோ ஒரு விதத்துல தினமும் யாராவது கேட்டுட்டு இருப்பாங்க.

மொதல்ல கணக்க பாத்துடலாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, 18லேருந்து 64 வயசு வரைக்கும் இருக்கவங்க வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லன்னா நல்லா மூச்சு வாங்குற மாதிரி 75லேருந்து 150 நிமிஷம். மிதம்னா எப்படி கண்டுபிடிக்கிறது, நடந்துக்கிட்டே பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அவ்ளோதான். உங்க அரை மணி நேரம் அந்த வேகத்துல அஞ்சு நாள் போனா 150 வந்துடுது, அதாவது கீழ் எல்லைய தொட்டுட்டீங்க. இதுக்கு முன்னாடி வந்த வழிகாட்டுதல்ல தொடர்ந்து 10 நிமிஷமாவது செஞ்சாதான் கணக்குன்னு இருந்துச்சு, 2020ல அத எடுத்துட்டாங்க, அதனால வேகமா மாடிப்படி ஏறுற ரெண்டு நிமிஷமும் இப்ப சேர்த்திதான்.

அடுத்தது உட்கார்றது. இத மொதல்ல உருப்படியா ஆராஞ்சவர் ஜெரி மாரிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், லண்டன் டபுள் டெக்கர் பஸ்ல வேலை பாத்தவங்கள வச்சு. ஒரே பஸ், ஒரே ரூட், டிரைவர் முழு ஷிப்டும் சீட்லயே இருப்பார், கண்டக்டர் டிக்கெட் குடுக்க ஒரு நாளைக்கு 500, 600 படின்னு மேலயும் கீழயும் ஏறி இறங்குவார். டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமா வந்துச்சு, கண்டக்டர்களுக்கு வந்தாலும் வயசு தள்ளி, கொஞ்சம் லேசா வந்துச்சு. 1953ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல வெளியாச்சு. எனக்கு அவர ரொம்ப பிடிக்க காரணம் அதுக்கப்புறம் செஞ்சதுதான், டிரைவர் வேலைக்கு வர்றவங்க ஆரம்பத்துலயே குண்டா இருந்திருப்பாங்களோன்னு அவரே சந்தேகப்பட்டு யூனிபார்ம் பேன்ட் சைஸ் ரெக்கார்ட எல்லாம் எடுத்து பாத்தாரு, ஆமா, டிரைவர்களுக்கு இடுப்பளவு கூடத்தான் இருந்துச்சு, அதையும் மறைக்காம 1956ல எழுதினாரு. தபால்காரங்களையும் டெஸ்க்ல உட்கார்ந்து வேலை பாக்குற கிளார்க்குகளையும் ஒப்பிட்டப்பவும் நடக்குறவங்க பக்கம்தான் ஆபத்து கம்மி.

2016ல 10 லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட தகவல சேர்த்து பாத்ததுல, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல உட்கார்றவங்க அந்த பாதிப்ப சரிக்கட்ட தினம் 60லேருந்து 75 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்னு தெரிஞ்சுது. அவ்வளவு நேரம் வேலைக்கு போற எத்தனை பேரால ஒதுக்க முடியும்? அதனால நடுநடுவுல எழுந்திரிங்க, போன் பேசுறத நின்னு பேசுங்க, சாப்பிட்ட உடனே திரும்ப சேர்ல போய் விழாம ஒரு 10 நிமிஷம் நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர் அதுல நல்லாவே குறையும். எத்தனை மணி நேரம் வரைக்கும் உட்காரலாம்னு உலக சுகாதார நிறுவனமே ஒரு நம்பர் குடுக்கல, முடிஞ்ச வரைக்கும் கொறைங்கன்னுதான் சொல்றாங்க.

இப்ப யாரும் பேசாத விஷயத்துக்கு வரேன், தசை. அதே வழிகாட்டுதல்ல வாரத்துல ரெண்டு நாளாவது எல்லா பெரிய தசைக்கும் பலம் குடுக்குற பயிற்சி செய்யணும்னு இருக்கு, வாக்கிங் இதுக்கு ஈடாகாது. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது இன்னும் முக்கியம். புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டர், ரெண்டு பேரும் 2004ல சேர்ந்து நின்னு ஒரு போட்டோ போட்டாங்க, ரெண்டு பேருக்குமே பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 22.3, ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நான் ஒல்லியாதானே இருக்கேன் எனக்கு எப்படி சுகர் வந்துச்சுன்னு கேக்குறவங்கள நெனச்சா எனக்கு இந்த போட்டோதான் ஞாபகம் வரும். சாப்பிடுற சர்க்கரைல ஒரு பெரிய பங்க வாங்கி வச்சுக்கிறது தசை, அது கம்மியா இருந்தா சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது.

எங்க அம்மா வாக்கிங்க ஒரு நாள் விடமாட்டாங்க, ஆனா தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க யாராவது கை குடுக்கணும். தொடைல பலம் இல்ல. சேர்ல இருந்து கை ஊனாம எழுந்து உட்கார்றது, அத மட்டும்தான் ஆரம்பிச்சு விட்டேன், இப்ப கோயில்ல தரையில உட்கார்ந்து அவங்களாவே எழுந்திருக்காங்க. 65க்கு மேல இருக்கவங்க வீட்ல இருந்தா அவங்களுக்கு வாரத்துல மூணு நாள் பேலன்ஸ் பயிற்சியும் சேர்த்து செய்ய வைங்க, விழாம இருக்கிறதுதான் அந்த வயசுல பெரிய விஷயம்.

ஜிம் கட்டாயம் இல்ல. தோப்புக்கரணம், மொதல்ல சுவத்துல கை வச்சு தள்ளி பழகிட்டு அப்புறம் தண்டால், ரெண்டு கைலயும் தண்ணி நிரப்பின 2 லிட்டர் பாட்டில தூக்கி இறக்குறது, படில நின்னு குதிகால தூக்குறது. கடைசி ரெண்டு மூணு தடவை செய்றப்ப கஷ்டமா இருக்கணும், சுலபமா முடிஞ்சுதுன்னா எண்ணிக்கையோ வெயிட்டோ கூட்டுங்க. நீங்க செய்ய வேண்டியது, வாக்கிங் அஞ்சு நாள் அப்படியே இருக்கட்டும், செவ்வாயும் சனியும் 20 நிமிஷம் இதுக்கு ஒதுக்குங்க. முட்டி வலி இருந்தா தோப்புக்கரணம் வேண்டாம், சேர்ல இருந்து எழுந்து உட்கார்றது போதும். இன்சுலின் போடுறவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட டோஸ் பத்தி பேசிடுங்க, நடக்குறப்ப நெஞ்சு இறுக்குற மாதிரி இருந்தா அன்னைக்கே போய் பாருங்க, தள்ளிப்போடாதீங்க.