பேட்டரி இருக்கட்டும், உங்கள் வீட்டு எர்த் எப்படி இருக்கிறது?

கேள்வி: சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் 2021 மாடல் நெக்ஸான் எலெக்ட்ரிக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறினால் பேட்டரி போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதனால் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பிளக்கைக் கழற்றுகிறேன். கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு நேர் மேலே எங்கள் படுக்கையறை. தீப்பிடிக்குமோ என்று மனைவிக்குத் தூக்கமே இல்லை. முதல் நாள் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். இப்போது ஒருவர், 18,000 ரூபாய் கொடுத்தால் 'பேட்டரி ரெஃப்ரெஷ்' செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா? ஆயுள் முடிந்த பேட்டரியை எங்கே கொடுப்பது என்று மகள் கேட்கிறாள், அதையும் சொல்லுங்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அந்த அலாரத்தை நிறுத்துங்கள். 80 சதவீதக் கதை உங்கள் காருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

உங்கள் காரில் இருப்பது எல்.எஃப்.பி. வகை பேட்டரி. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. இதன் குணம் காஸ் சிலிண்டர் மாதிரி. அடுப்பு கடைசி வரை ஒரே சீராக எரியும், பாதி இருக்கிறதா கால்வாசி இருக்கிறதா என்று தீயைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்.எஃப்.பி. பேட்டரியின் வோல்டேஜும் நடுப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை காரின் கம்ப்யூட்டர் பாதிக் கணக்கிலும் பாதி ஊகத்திலும்தான் காட்டுகிறது. முழுசாக நிரம்பும்போதுதான் அதற்குச் சரியான அளவு பிடிபடும். பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன செல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையும் அப்போதுதான் ஒழுங்காக நடக்கும். வாரக்கணக்கில் 80-லேயே நிறுத்தி வந்தால், ஒரு நாள் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி பெருந்துறை பைபாஸில் திடீரென்று 6 காட்டும்.

ஆகவே வாரம் ஒரு முறை நூறு வரை விட்டு, அது தானாக நிற்கும் வரை கழற்றாதீர்கள். மற்ற நாட்களில் 80, 90 எதுவானாலும் சரி. பத்துக்குக் கீழே இறக்கி நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஊருக்குப் போய் இரண்டு வாரம் வண்டி நிற்கும் என்றால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே பிளக்கைச் சொருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் பயணத்துக்கு, தினசரிக்கு வேண்டாம். சார்ஜிங் பழக்கம் என்று நீங்கள் கற்க வேண்டியது இவ்வளவுதான்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஐந்து நிமிட ரிப்பேருக்கு வருகிறேன். கடிதம் முழுவதிலும் என்னைப் பதற வைத்தது அதுதான்.

சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றதற்கு, பெரும்பாலும், எர்த் இல்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த், கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் வழி. கார் சார்ஜர் அதைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நம் வீடுகளில் பாதியில் எர்த் ஒயர் எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கட்டும்போது ஒரு குழாயை அடித்து, மேலே டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தக் குழியைப் பார்த்திருக்காது. புது எர்த் பிட், அதாவது எர்த் குழி, போட அரை நாள் வேலை. ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே விரல் நீள ஒயர்த் துண்டு ஒன்றைப் போட்டு இணைக்கலாம். 'லூப்' என்பார்கள். சார்ஜர் ஏமாந்துபோய்ப் பச்சை விளக்கு காட்டும். எலெக்ட்ரீஷியன் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மழைக்காலத்தில் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக 230 வோல்ட் நியூட்ரல் ஒயருக்குத் திரும்பி, அந்தத் துண்டு ஒயர் வழியாக காரின் பாடிக்கு வந்து நிற்கும். கார் நிற்பது ரப்பர் டயரில், கரண்ட் தரையில் இறங்க வழியில்லை. ஈர போர்ட்டிகோவில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவர்தான் வழி. "கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே" என்பீர்கள். நியூட்ரல் அறுந்த நாளில் ஒருவர் உடல் வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் அது விழும். மற்ற நாட்களில், லூப் போட்ட சாக்கெட்டில் கசிவு மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால் அது கண்டுகொள்ளாமல் இருக்கும். இதே திருட்டு வேலையைப் பிளக் வடிவில் ஆன்லைனிலும் விற்கிறார்கள். ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டி!

இதைத் தடுக்க யாருமில்லை என்பதுதான் எரிச்சல். கார் விற்பவர் சாவி கொடுப்பதோடு சரி. இ.பி.யில் மீட்டர் வைக்கும்போது பார்த்ததுதான், பிறகு யார் வந்து எர்த் அளக்கிறார்கள்? நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன், "கரண்ட் வருதுல்ல, அப்புறம் என்ன" என்பார்கள். சேலத்தில் ஒரு வீட்டில் சாக்கெட்டைத் திறந்தபோது பிளாஸ்டிக் முழுக்கக் கருகி, இழுத்த இழுப்பில் மாவாக உதிர்ந்தது. பின்னால் லைட்டுக்குப் போடும் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நிற்கும், அந்த ஒயர் தாங்கிவிடும். உங்கள் கார் அதே அளவு கரண்டை எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்கு. ராத்திரியில் தீப்பிடித்தால் அது பேட்டரியில் தொடங்குவதைவிட இந்தச் சாக்கெட்டில் தொடங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆகவே அந்த 18,000 ரூபாயை இப்படிச் செலவு செய்யுங்கள். லைசென்ஸ் உள்ள வேறொருவரைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்துச் சாக்கெட்டைத் திறந்து லூப் இருக்கிறதா என்று உங்கள் கண் எதிரே காட்டச் சொல்லுங்கள். புது எர்த் பிட் போட்டு மீட்டர் வைத்து அதன் மின்தடையை அளக்கட்டும், 5 ஓமுக்குள் வர வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 30 மில்லி ஆம்ப் கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் விழும் ஆர்.சி.பி.ஓ. சுவிட்ச், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கும் அளவு சூடு என்றால் நிறுத்துங்கள்.

அப்புறம் உங்கள் மனைவியின் பயம். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி தந்தையும் மகளும் இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு அடுத்தடுத்து எரிந்த வண்டிகளுக்குப் பிறகுதான் டிசம்பரிலிருந்து பேட்டரி விதிகளை இறுக்கினார்கள். ஆனால் எல்.எஃப்.பி. மற்ற லித்தியம் வகைகளைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், உங்கள் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவமும் ஓடுகிறது. போர்ட்டிகோவில் நிறுத்தலாம்.

ஒரே ஒரு நிலை தவிர. அந்த கார் வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கக் கூடாது.

2021 மாடல், சென்னை வண்டி, புரோக்கர் மூலம் வந்தது என்றதுமே எனக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான் ஞாபகம் வருகிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பேஸ்மெண்டில் நாள்கணக்கில் கார்கள் தண்ணீரில் கிடந்தன. ஐ.பி.67 பேட்டரி, தண்ணீர் போகாது என்று விற்பவர் சொல்வார். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனை, அதுவும் புதுப் பெட்டிக்கு. இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. உள்ளே கசிந்த ஈரம் மெல்ல அரித்து, வாரங்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம். இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்த வண்டி ஏலத்தில் போய், பாலிஷ் போட்டு, கொங்கு நாட்டுக்கு வந்து சேரும். ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கேட்கமாட்டார்கள்.

நீங்களே பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் நுனியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? ஸ்டெப்னி இருக்கும் குழியின் மூலையில் வண்டல்? சீட்டை இறுக்கும் போல்ட்டுகளில் துரு? காலடி கார்ப்பெட்டைத் தூக்கினால் வாடை? அடுத்து, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளையும், பேட்டரி ஆரோக்கிய அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தட்டிக் கழிப்பார்கள், விடாதீர்கள். இந்த கார் வெளிவந்தபோது பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. 2029 வரை வரும். அது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதையும் அதே கையோடு கேட்டுவிடுங்கள். மூழ்கிய வண்டி என்று ஒரு சந்தேகம் வந்தாலும் போர்ட்டிகோவை விட்டு வெளியே, திறந்த இடத்தில் நிறுத்துங்கள். சோதித்து முடியும் வரை சார்ஜ் வேண்டாம். பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில் அடிவயிறு பலமாக இடித்தாலும் இதே விதிதான். காரின் அடியிலிருந்து புகையோ சீறல் சத்தமோ வந்தால் பக்கத்தில் போகாமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். சின்ன சிலிண்டரை வைத்து அணைக்கிற தீ இல்லை அது.

ரெஃப்ரெஷ்காரர்? செல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையை உங்கள் கார் வாரம் ஒரு முறை இலவசமாகவே செய்துகொள்ளும் என்று மேலே சொன்னேன். அவர் லேப்டாப்பைச் சொருகி ஏதாவது ஒரு பச்சைக் கோட்டைக் காட்டுவார். பெட்டியைத் திறந்தாலோ அதோடு வாரண்டி காலி. உள்ளே இருப்பது 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி., விளையாட்டுச் சாமான் இல்லை.

மகளின் கேள்வி நல்ல கேள்வி. ஓட்டத்துக்குப் போதாமல் போன பேட்டரி செத்துவிட்டதாக அர்த்தமில்லை. 70 சதவீதம் தாங்கும் பெட்டி, கூரை சோலார் மின்சாரத்தைச் சேமிக்க இன்னும் பல ஆண்டு உழைக்கும். இந்த வகையில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. சுரங்கப் பாவம் குறைவு, ஆனால் உருக்கி எடுப்பவருக்கு லாபமும் குறைவு. 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கிலோ கணக்கில் விலை பேசி வருகிற காயலான் கடைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கோடாரியால்தான் பிளப்பார்.

எர்த் அளந்ததும் எத்தனை ஓம் என்று எழுதுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் குழியில் என்ன செய்வது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.