14 பேரோடு ஒரே நாளில் வால்பாறையா?

மதுரையிலிருந்து 14 பேர், மூட்டுவலி அத்தை, வாந்தி எடுக்கிற இரண்டு வாண்டுகள், எல்லாரும் ஒரே மூச்சில் வால்பாறை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள்; எங்கள் வேனில் ஆறாவது வளைவிலேயே தம்பி மகன் பூரி மசாலாவை வெளியே தள்ளிவிட்டான், பூரி வாங்கிக் கொடுத்தது யார் என்று பெரியம்மாவும் சித்தியும் மேலே போய்ச் சேரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் நாள் பொள்ளாச்சியில் தங்கிவிடுங்கள். காலையில் இட்லி போதும். வாண்டுகளை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், அத்தைக்குக் கால் நீட்ட இடம் விடுங்கள், குலுங்கும் கடைசி சீட் இளவட்டங்களுக்கு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை வரும், கட்டாயம் இறங்குங்கள், கீழே ஆழியாறு அணையைப் பார்த்ததும்தான் எங்கள் பெரியம்மா லேசாகச் சிரித்தார். அப்புறம், டீசல் காசைக் கிளம்பும் முன்பே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுங்கள். எங்கள் பாக்கி இன்னும் வரவில்லை.