கடற்படை அதிகாரிப் பயிற்சிக்குச் சேருமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டேன், சேர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. என்ன படித்துக்கொண்டு போகலாம், என்னென்ன பண்புகள் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற பதில்களில் தைரியம், ஒழுக்கம், தண்டால், ஓட்டம் எல்லாம் வந்துவிட்டன. தப்பு என்று சொல்ல வரவில்லை. உடம்பு தயாராக இல்லாவிட்டால் முதல் மாதமே படுத்துவிடுவீர்கள். ஆனால் நடுராத்திரி பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் நிற்கும்போது தண்டால் கணக்கை யாரும் கேட்பதில்லை. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று நேரத்தோடு வாய் திறக்கத் தெரியுமா என்பதுதான் அங்கே கேள்வி. கடல் வேலையில் பண்பு வேறு, பாடம் வேறு என்று பிரித்துப் படிக்க முடியாது என்பது என் கட்சி. எந்த நாட்டுக் கடற்படை என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எல்லாக் கடலுக்கும் பொதுவானதை மட்டும் எழுதுகிறேன். சல்யூட், சீருடை, பதவி வரிசை எல்லாம் அங்கே போன முதல் வாரத்தில் தானாக மண்டையில் ஏற்றிவிடுவார்கள்.

முதலில் படிக்க வேண்டியது கடலில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கான 1972-இன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள். அதிலும் 4 முதல் 19 வரையிலான விதிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். "புரிந்தால் போதாதா, மனப்பாடம் எதற்கு?" என்று கேட்பவர்கள் வருவார்கள். போதாது. தூக்கம் கண்ணைச் சுழற்றும் அதிகாலை 3 மணிக்குப் புரிதல் மெதுவாகத்தான் வரும், மனப்பாடம் உடனே வரும்.

விளக்குகளில் தொடங்குங்கள். கப்பலின் இடப்பக்கம் போர்ட், சிவப்பு விளக்கு. வலப்பக்கம் ஸ்டார்போர்ட், பச்சை. இரண்டும் நேர் முன்னிருந்து தத்தம் பக்கம் 112.5 டிகிரி வரை தெரியும். பாய்மரக் கம்பத்து வெள்ளை விளக்கு முன்புறமாக 225 டிகிரி, பின்விளக்கு 135 டிகிரி. கூட்டினால் 360. 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்குக் கம்பத்து விளக்கு இரண்டு; முன்னால் இருப்பது தாழ்ந்தும் பின்னால் இருப்பது உயர்ந்தும் இருக்கும். இருட்டில் கப்பலே தெரியாது. இந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அது எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் உங்களை நோக்கி நேராக வருகிறது. போர்க்கப்பலில் வேலை செய்யப்போகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல போர்க்கப்பல்களின் அமைப்பில் இரண்டாவது கம்பத்தை உரிய இடத்தில் வைக்க முடியாது. முதல் விதியே அதற்கு விலக்கு தருகிறது. விளைவு, எதிரே வரும் வணிகக் கப்பலுக்கு நீங்கள் இருப்பதைவிடச் சிறியவராக, வேறு திசையில் போகிறவராகத் தெரியலாம். அவர் உங்களைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்ற நம்பிக்கையில் கப்பல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது திசைக்கோணம். பேரிங் என்றே எல்லோரும் சொல்வார்கள்; ஒரு பொருள் வடக்கிலிருந்து வலமாக எத்தனை டிகிரியில் தெரிகிறது என்பதுதான் அது. இரவு 10:10-க்கு ஒரு விளக்கு உங்கள் காம்பஸில் 045-இல் தெரிகிறது, ரேடாரில் 6 கடல் மைல். 10:13-க்கு மறுபடி பார்க்கிறீர்கள்: 045, 5 மைல். 10:16-க்கு 045, 4 மைல். நீங்கள் வடக்கு நோக்கிப் போகிறீர்கள், அவர் வலப்பக்கம் இருக்கிறார், சிவப்பு விளக்கு தெரிகிறது. 3 நிமிடத்துக்கு 1 மைல் குறைகிறது. இன்னும் 12 நிமிடம் கையில் இருக்கிறது. பேரிங் மாறாமல் தூரம் குறைந்தால் மோதல் வருகிறது என்று அர்த்தம். 15-ஆம் விதிப்படி எதிராளியை வலப்பக்கம் வைத்திருப்பவர்தான் விலக வேண்டும். அதாவது நீங்கள். 8-ஆம் விதி எப்படி விலக வேண்டும் என்று சொல்கிறது: நேரத்தோடு, எதிராளி கண்ணுக்கும் ரேடாருக்கும் பளிச்சென்று தெரிகிற அளவுக்குப் பெரிய திருப்பமாக. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, 5 டிகிரி திருப்பிப் பார்ப்பது, பிறகு இன்னொரு 5 டிகிரி. எதிரே இருப்பவருக்கு அது திருப்பமாகவே தெரியாது. 30, 40 டிகிரி வலப்பக்கம் துணிந்து திருப்பி அவருடைய பின்புறமாகக் கடந்து போங்கள். திருப்பியதோடு வேலை முடியவில்லை; அவர் முழுசாகத் தாண்டிப் போகிறவரை பேரிங் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. மிகப் பெரிய கப்பல், இழுத்துச் செல்லப்படும் தொடர், அல்லது மிக நெருங்கிவிட்ட கப்பல் என்றால் பேரிங் கொஞ்சம் மாறினாலும் மோதல் அபாயம் தீர்ந்துவிடவில்லை. 300 மீட்டர் நீளக் கப்பலின் முகப்பைப் பார்த்துப் பேரிங் எடுத்தீர்கள் என்றால், முகப்பு தாண்டிவிடும், வயிறு வந்து இடிக்கும்.

பனிமூட்டத்தில் 19-ஆம் விதி. ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடியாதபோது "நான் நேராகப் போகிறேன், நீ விலகு" என்ற உரிமை யாருக்கும் கிடையாது. இதைத் தேர்வில் எழுதிவிட்டுக் கடலில் மறப்பவர்கள் நிறைய.

இப்போது பண்புக்கு வருகிறேன். ஒவ்வொரு கப்பலிலும் கமாண்டரின் நிலையாணை என்று ஒன்று எழுதி வைத்திருப்பார்கள். இத்தனை மைலுக்குள் ஒரு கப்பல் வரும் என்று தெரிந்தால் என்னை எழுப்பு, பார்வைத் தூரம் இத்தனைக்குக் கீழே போனால் எழுப்பு, சந்தேகம் வந்தால் எழுப்பு. படிக்கச் சுலபமாக இருக்கிறது. இரவு 1 மணிக்கு, இரண்டு மணி நேரம் முன்புதான் படுத்த மனிதரை எழுப்ப வேண்டும் என்னும்போது கை தயங்கும். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று நினைப்பாரோ, நம்மைத் திறமையில்லாதவன் என்று எழுதிவிடுவாரோ என்று தோன்றும். 2017 ஜூன் 17-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு ஜப்பானுக்கு அருகே அமெரிக்க டெஸ்ட்ராயர் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலோடு மோதி 7 மாலுமிகள் இறந்தார்கள். சரக்குக் கப்பல் வலப்பக்கம் இருந்தது. விலக வேண்டியது போர்க்கப்பல். நிலையாணைப்படி கமாண்டரை அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை என்று அமெரிக்கக் கடற்படையின் அறிக்கையே சொல்கிறது. தைரியம் பற்றி எழுதியவர்களுக்கு என் பதில் இதுதான்: தொலைபேசியை எடுத்து எழுப்புவதற்கும் தைரியம் வேண்டும். அழைக்கும்போது எப்படிச் சொல்வது என்பதையும் பழகுங்கள். என்ன கப்பல், எந்தப் பேரிங், எத்தனை மைல், எவ்வளவு நெருக்கமாக எத்தனை நிமிடத்தில் கடக்கும், நான் என்ன செய்யப்போகிறேன். ஐந்தே விஷயம், இருபது நொடி.

வாட்ச், அதாவது பிரிட்ஜில் காவல் முறை மாற்றும் நேரம் இன்னொரு ஆபத்தான கட்டம். 15 நிமிடம் முன்பே பிரிட்ஜுக்கு வந்துவிடுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும் என்பதால், வரும் வழியில் கைபேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். வேகம், திசை, சுற்றியுள்ள ஒவ்வொரு விளக்கும் என்ன என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் கண்ணால் ஒத்துப் பாருங்கள். கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போது பொறுப்பு ஏற்கவே கூடாது.

2018 நவம்பர் 8-ஆம் தேதி அதிகாலை 4 மணியளவில் நார்வேயில் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற போர்க்கப்பல், சோலா டிஎஸ் என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மோதலுக்குச் சில நிமிடங்கள் முன்புதான் வாட்ச் மாறியிருந்தது. பிரிட்ஜில் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. முனையத்திலிருந்து அப்போதுதான் புறப்பட்ட எண்ணெய்க் கப்பல் மேல்தள விளக்குகளை எரியவிட்டபடி மெதுவாக வந்தது. அந்த வெளிச்சத்தைப் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் கரையோரத்தில் அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் இருந்த 137 பேரும் பிழைத்தார்கள், கப்பல் போனது. "அது என்ன வெளிச்சம்?" என்ற கேள்விக்கு ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால் மனசு மறுபடி கேட்காது. அந்தப் பதிலை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சந்தேகப்படுவதுதான் உங்கள் வேலை.

கட்டளையைத் திருப்பிச் சொல்வதும் இதே சங்கதிதான். "ஸ்டார்போர்ட் பதினைந்து" என்கிறீர்கள். சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்கிறார். சக்கரம் போய் நின்றதும் மறுபடி அறிவிக்கிறார். நீங்கள் சுக்கான் காட்டியைப் பார்த்து உறுதி செய்கிறீர்கள். புதிதாகப் பார்ப்பவருக்குக் கிளிப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நீங்களே இடம் என்று நினைத்து வலம் என்று சொல்லியிருக்கலாம். திரும்பி வரும் குரலில்தான் அது உங்கள் காதுக்குப் புலப்படும். மாலுமி "சார், வலமா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். ஒருமுறை முறைத்தீர்கள் என்றால் அடுத்த முறை அவர் கேட்க மாட்டார்.

கணக்கு கொஞ்சம் வேண்டும், பயப்படாதீர்கள். 1 கடல் மைல் 1852 மீட்டர். 1 நாட் என்றால் மணிக்கு 1 கடல் மைல். 6 நிமிடம் மணியில் பத்தில் ஒரு பங்கு, எனவே 15 நாட்டில் போகிற கப்பல் 6 நிமிடத்தில் 1.5 மைல் போகும். மேலே சொன்ன உதாரணத்தில் 6 நிமிடத்தில் 2 மைல் குறைந்தது, நெருங்கும் வேகம் 20 நாட். காகிதம் பேனா இல்லாமல் இது வர வேண்டும். வரைபடத்தில் தூரத்தை எப்போதும் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில், நீங்கள் இருக்கும் அட்சரேகைக்கு நேராக அளக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவில் அளந்தால் தப்பாகிவிடும்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்திகளில் "மணிக்கு 30 நாட் வேகத்தில்" என்று எழுதுகிறார்கள். நாட் என்பதற்குள்ளேயே மணி இருக்கிறது ஐயா. இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு இன்னும் மோசம். போர்ட் பக்கம் "துறைமுகப் பக்கம்" ஆகிறது, 30 நாட் "30 முடிச்சு" ஆகிறது. சின்ன விஷயம் என்பீர்கள். சுக்கான் அறையில் சின்ன விஷயம் கிடையாது.

ஆள் கடலில் விழுந்தால்: எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கமே சுக்கானை முழுசாகத் திருப்ப வேண்டும். முகப்பு அந்தப் பக்கம் போகும்போது பின்புறம் எதிர்ப்பக்கம் விலகும், புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். அதே நொடியில் விளக்கும் புகையும் உள்ள உயிர்காப்பு வளையம், ஜிபிஎஸ்ஸில் இடக்குறி, அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கை நீட்டிக்கொண்டே நிற்க ஓர் ஆள். 15 நாட்டில் ஒரே நிமிடத்தில் 460 மீட்டர் தாண்டிவிடுவீர்கள், அலையில் தலை ஒரு தேங்காயளவுகூடத் தெரியாது. விழுந்ததைப் பார்த்திருந்தால் அப்படியே ஒரே சுற்று, சுமார் 250 டிகிரி திரும்பியதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவரலாம். இரவாகவோ, எப்போது விழுந்தார் என்று தெரியாமலோ இருந்தால் வில்லியம்சன் திருப்பம்: 60 டிகிரி திரும்பியதும் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுசாக மாற்றி, வந்த திசைக்கு நேர் எதிர்த்திசைக்கு 20 டிகிரி இருக்கும்போது நடுவுக்குக் கொண்டுவருவது. நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் வந்த தடத்திலேயே கப்பல் திரும்பிப் போகும்.

தீயணைப்பில் எல்லோரும் தீயைப் பார்ப்பார்கள், நீங்கள் தண்ணீரையும் பாருங்கள். நிமிடத்துக்கு 500 லிட்டர் ஊற்றும் ஒரு குழாய் ஒரு மணி நேரத்தில் 30 டன் நீரைக் கப்பலுக்குள் சேர்க்கும். அது மேல்தளங்களில் தேங்கி இப்படியும் அப்படியும் ஓடினால், எடையைவிட அந்த ஓட்டம்தான் கப்பலைக் கவிழ்க்கும். நீர்ப்பரப்பின் அகலம் இரண்டு மடங்கானால் கெடுதல் எட்டு மடங்கு. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருந்த நார்மண்டி என்ற பெரிய கப்பல் தீப்பிடித்து, அணைக்க ஊற்றிய நீராலேயே சாய்ந்து கவிழ்ந்தது. அதனால் குழாய் திறக்கும்போதே வடிக்கும் பம்ப் எங்கே என்று கேளுங்கள்.

கயிறு: பௌலின், க்ளவ் ஹிட்ச், ஷீட் பெண்ட் என்ற மூன்று முடிச்சுகளையும் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகினால் போதும். அதைவிட முக்கியம், இழுவிசையில் இருக்கும் கட்டுக்கயிற்றின் நேர்கோட்டிலோ, தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள்ளோ கால் வைக்காமல் இருப்பது. நைலான் கயிறு அறுந்தால் ஒதுங்க நேரமே தராமல் அடித்துவிடும். இதைப் புதியவருக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் இருபது வருடம் மேல்தளத்தில் கழித்த மூத்த மாலுமியாக இருப்பார். பதவியில் அவர் உங்களுக்குக் கீழே. "நீங்க சொல்லுங்க, எப்படிச் செய்யணும்?" என்று அவரிடம் கேட்க நாக்கு வர வேண்டும். கேட்டால் அதிகாரம் குறைந்துவிடும் என்று வாதாடுபவர்களைத் தெரியும். அவர்களோடு பின்னூட்டத்தில் சண்டை போட எனக்கு நேரமில்லை.

கடைசியாக லாக் புத்தகம், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேடு. மையால் எழுத வேண்டும், ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. 02:40-க்கு 045 என்று எழுதினீர்கள், பிறகு 054 என்று தெரிகிறது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியான எண், அதன் ஓரத்தில் உங்கள் சுருக்கொப்பம்.