அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு மொழியைப் பற்றி எங்கே தேடுவது?

கேள்வி: உலக மொழிகள், அவற்றைப் பேசும் மக்களின் பண்பாடு பற்றி ஆராய்ந்து படிக்க ஆசை. நூலகத்திலும் இணையத்திலும் எங்கே தேடலாம்? கூகுளில் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஒரே ஒரு மொழியை மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்ல முடியும்.

ஜார்க்கண்ட், கும்லா மாவட்டத்திலிருந்து ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆதாரில் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் எக்ஸ், ஏ, எக்ஸ், ஏ. எங்கள் சூப்பர்வைசர் "க்ஸாக்ஸா" என்று கூப்பிட, அவர் சிரித்துவிட்டு "ஃகாஃகா" என்றார். ககரத்தைத் தொண்டையில் உரசிக் காற்றோடு விடுகிற ஒலி, ஆய்தம் போட்டால் ஓரளவு சரி. என்ன அர்த்தம் என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்திருந்த காக்காயைக் கை காட்டினார்.

அன்று ராத்திரி "குருக்" என்று தமிழில் தட்டினேன் (அதுதான் அவர் சொன்ன மொழிப் பெயர்). குருக்ஷேத்திரமும் கீதையும் வந்தன. நீங்களும் இங்கேதான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிறிய மொழிகளுக்கு ஒரே பெயர் இருப்பதில்லை. அந்த மக்கள் தங்கள் மொழியைக் குருக் என்கிறார்கள், மற்றவர்கள் ஒராவ்ன் அல்லது உராவ்ன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் குருக்கின் கடைசி எழுத்தைச் சிலர் கே ஹெச் என்றும் சிலர் எக்ஸ் என்றும் போடுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு "குருக்/ஒராவ்ன்" என்று கோடு போட்டு, ஏறக்குறைய 20 லட்சம் பேர் பேசுவதாகச் சொல்கிறது. ஒடிசாவின் கிசான் மொழி அதில் தனி வரி, மொழியியலாளர்களோ அதைக் குருக்கின் கிளைமொழி என்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முக்கால்வாசி கையை விட்டுப் போகும்.

அதனால் முதலில் கிளாட்டோலாக் தளத்துக்குப் போங்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்துவது, முழுக்க இலவசம். ஒவ்வொரு மொழிக்கும் வேறு பெயர்கள், குடும்ப மரம், அதைப் பற்றி வந்த புத்தகங்கள் எல்லாம் இருக்கும். அகராதியா, முழு இலக்கணமா, சின்னக் குறிப்பா என்று வகை பிரித்தே வைத்திருக்கிறார்கள். பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்னோலாக் என்று இன்னொன்று உண்டு. கொஞ்சம் பார்த்ததும் காசு கேட்கும், விட்டுவிடலாம்.

தாளோடு சென்னையில் ஒரு பழைய நூலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் குருக் என்று போட்டால் ஒன்றுமில்லை. அங்கிருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, பழைய புத்தகத்தை அந்தக் காலத்துப் பேரு போட்டுத் தேடுங்க." ஒராவ்ன் என்று போட்டதும் சரத் சந்திர ராயின் புத்தகம் வந்து நின்றது. ராஞ்சியில் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டுக்கு வந்த பழங்குடி மக்களின் கஷ்டத்தைப் பார்த்து அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 1915-இல் ஒராவ்ன் மக்களைப் பற்றி ஒன்று, 1928-இல் அவர்களின் சமயம், சடங்குகள் பற்றி இன்னொன்று. பண்பாட்டுக்கு அவர்தான் எனக்கு வாத்தியார். குலப் பெயர்கள் மிருகம், பறவை, செடி என்று வருவதை அவர் எழுதியதில்தான் புரிந்துகொண்டேன். எக்கா என்றால் ஆமை. ஃகாஃகா நம் காக்காய்.

குருக்கும் தமிழைப் போல ஒரு திராவிட மொழிதான். டூயி முறையில் (பொருள்வாரியாக எண் போட்டு) அடுக்கிய நூலகம் என்றால், திராவிட மொழிகள் 494.8-இல் இருக்கும். எண்ணைப் பிடித்துப் போய் அந்த அலமாரி முழுவதையும் கண்ணால் மேயுங்கள். கேட்டலாகில் சிக்காதது பக்கத்திலேயே தூசியோடு நிற்கும். எழும்பூர் கன்னிமாராவை மறக்க வேண்டாம். 1954 சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

இனி வீட்டிலிருந்தபடி. காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு ஆர்க்கைவ் டாட் ஆர்க் போதும். குருக்குக்கு ஃபெர்டினாண்ட் ஹான் என்ற ஜெர்மன் பாதிரியாரின் இலக்கணம் 1900-இல் வந்தது, கிரிக்னார் என்ற ஏசுசபைப் பாதிரியாரின் அகராதி 1924-இல். உழைப்பு அபாரம். ஆனால் மதம் பரப்ப வந்தவர்களின் கண்ணாடி அது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து அதிகாரி கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பில் 1906-இல் வந்த நான்காம் தொகுதி முண்டா, திராவிட மொழிகளுக்கானது. பைபிளின் கெட்ட குமாரன் கதையை ஒவ்வொரு மொழியிலும் சொல்ல வைத்து எழுதியிருப்பார்கள். ஒரே கதை என்பதால் மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், சுவாரசியமான வேலை. வேடிக்கை என்னவென்றால், சென்னை மாகாணம் அந்தக் கணக்கெடுப்பிலேயே சேரவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில், அதற்காக எடுத்த பழைய கிராமபோன் பதிவுகளையே கேட்கலாம். இரைச்சலுக்கு நடுவே நூறு வருடத்துக்கு முந்தைய குரல்!

அதே மின்னூலகத்தில் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் உண்டு. 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் இரண்டாவது. காக்காயை வைத்தே குருக்கும் தமிழும் உறவு என்று நான் குதித்த குதிக்கு இதுதான் கடிவாளம் போட்டது. காக்கை கத்துவதை வைத்து வந்த பெயர். எந்த மொழியிலும் அப்படி அமையலாம், அதை வைத்து உறவு சொல்ல முடியாது. நான் பிறகு கண், கை என்று தேடினேன். கண் குருக்கில் ஃகன், பலுசிஸ்தானத்தில் பேசும் பிராகுயி என்ற திராவிட மொழியிலும் ஃகன். கை குருக்கில் ஃகெக்கா. நம் ககரம் அங்கே ஒழுங்காக ஃகவாக மாறி வருகிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி.

உங்கள் மொழி இந்தியாவுக்கு வெளியே என்றால் வால்ஸ் தளத்தின் வரைபடங்களைப் பாருங்கள். வினைச்சொல் கடைசியில் வரும் மொழிகள் எங்கெங்கே என்பது போன்றவை ஒரே பார்வையில் தெரியும். பசிபிக் தீவுகளின் ஒலிப்பதிவுகளுக்குப் பாரடிசெக் என்ற தளம். பண்பாட்டுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள ஹெச்ஆர்ஏஎஃப் என்ற மானுடவியல் நூல் தொகுப்பு அருமையானது. திருமணம், உணவு என்று பத்தி பத்தியாகக் குறியீடு போட்டிருப்பார்கள், ஆனால் சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு ஆள் வேண்டும். ஜேஸ்டோர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை படிக்கலாம். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற தளம். அங்கே முழுவதையும் படிக்காமல் நேராகக் கடைசிப் பக்கங்களின் நூற்பட்டியலுக்குப் போவது என் வழக்கம். அப்புறம், "பண்பாடு" என்று தேடாதீர்கள். குருக் மக்களுக்கு என்றால் சர்ஹுல், கரம் (விழாக்கள்), தும்குடியா (இளைஞர் கூடித் தங்கும் இல்லம்) என்று விழாவின், வழக்கத்தின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டு, போன மாதம் டீ இடைவேளையில் ராயின் குலப் பெயர்ப் பகுதியைப் போனில் நம் ஃகாஃகா நண்பருக்குக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு வராது, நான்தான் படித்துச் சொன்னேன். "எங்க வீட்ல காக்காயை அடிக்க மாட்டோம்" என்றார். பிறகு அவர் பங்குக்கு ஒன்று கேட்டார்: "பையா, ஹவுஸ் ஓனர் அம்மா அமாவாசை அன்னிக்கு எங்களுக்குச் சோறு போடறதுக்கு முன்னாடி காக்காய்க்கு எதுக்கு வைக்கிறாங்க?"

சொல்ல ஆரம்பித்தேன். சைரன் அடித்துவிட்டது.